வரலாற்று கிராண்ட் ஸ்ட்ராட்டஜி விளையாட்டுகளில் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுவது எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே விளையாட்டை ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஆடியவர்கள் இந்த வகையில் சர்வசாதாரணம். அத்தனை நேரம் ஆடிய பிறகும் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கும்போது அவர்களுக்கு ஆவல் குறைவதில்லை. அதே வேளையில், மூன்றே ஆட்டங்களில் சலித்துப்போய் விலகியவர்களும் உண்டு. இந்த இரு தரப்பினரும் என்னிடம் கேட்ட கேள்விகளையும், புதிதாக வருபவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றையும் இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எந்த விளையாட்டுகளை கிராண்ட் ஸ்ட்ராட்டஜி என்று சொல்கிறோம்?

ஒரு கண்டத்தின் அல்லது உலகத்தின் வரைபடத்தை விரித்து வைத்து, அதில் ஒரு நாட்டையோ அரச குடும்பத்தையோ நம் பொறுப்பில் விட்டு, போர், வரி, திருமண உறவு, மதம், வணிகம், சட்டம் எல்லாவற்றையும் பல பத்தாண்டுகளுக்கு நடத்தச் சொல்லும் விளையாட்டுகளே இவை. சுவீடன் நாட்டு நிறுவனமான பாரடாக்ஸ் வெளியிடும் நான்கு தொடர்கள் இதில் முதன்மையானவை. யூரோப்பா யுனிவர்சாலிஸ் தொடரின் நான்காம் பதிப்பு (2013) 1444 முதல் 1821 வரை ஓடுகிறது. குரூசேடர் கிங்ஸ் மூன்றாம் பதிப்பில் (2020) 867, 1066 அல்லது 1178இல் தொடங்கி 1453 வரை ஒரு வம்சத்தை நடத்தலாம். விக்டோரியா மூன்றாம் பதிப்பு (2022) 1836 முதல் 1936 வரையிலான நூறாண்டுகளை எடுத்துக்கொள்கிறது. ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் நான்காம் பதிப்போ (2016) இரண்டாம் உலகப் போரைப் பற்றியது.

சிவிலைசேஷன், டோட்டல் வார் ஆகிய தொடர்களையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பதுண்டு. டோட்டல் வாரின் உயிர் போர்க்களத்தில் இருக்கிறது. சிவிலைசேஷனில் ஏறத்தாழ எல்லோரும் வெறும் நிலத்தில் ஒரே நிலையில் தொடங்குகிறார்கள். கிராண்ட் ஸ்ட்ராட்டஜியில் யாரும் சமமாகத் தொடங்குவதில்லை. கடன், பகை, கிழட்டு மன்னர், வாரிசுச் சண்டை என்று முன்னோர் விட்டுச்சென்ற அத்தனையும் முதல் நாளே நம் தலையில் விழும். மீண்டும் ஆடத் தூண்டும் தன்மைக்கு வேர் இந்தச் சமமின்மைதான் என்பது என் உறுதியான கருத்து.

நூற்றுக்கணக்கான நாடுகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். பெயரும் கொடியும் மட்டும்தான் மாறுகிறதா, ஆட்டமும் மாறுகிறதா?

சில நாடுகளுக்கு இடையே பெயரும் கொடியும் மட்டும்தான் மாறுகின்றன, அதை மறைப்பதற்கில்லை. ஒரே பகுதியில் ஒரே மதத்தோடு ஒரே அளவில் இருக்கும் இரண்டு சிற்றரசுகளை அடுத்தடுத்து ஆடினால், இரண்டாவது ஆட்டம் முதலாவதன் நகலாகத்தான் தோன்றும். ஆகவே தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் நாடுகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு விளையாட்டின் பன்முகத்தன்மையை அளக்கக் கூடாது. ஒரு நாடு எந்தச் சிக்கலை நம் முன் வைக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

யூரோப்பா யுனிவர்சாலிஸ் நான்காம் பதிப்பில் பைசாந்தியத்தை, அதாவது கிழக்கு ரோமப் பேரரசின் கடைசி எச்சத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் 1444 நவம்பர் 11 அன்று தொடங்குகிறது. கான்ஸ்டான்டிநோபிளும் கிரேக்கத்தின் தென்பகுதியில் கொஞ்சம் நிலமும் மட்டுமே கையில் இருக்கும். சுற்றிலும் உதுமானியத் துருக்கியர்கள். வரலாற்றில் அந்த நகரம் 1453 மே 29 அன்று வீழ்ந்தது. ஆட்டத்தில் அதற்கும் முன்பே வீழ்ந்துவிடலாம். நேருக்கு நேர் மோதினால் வெல்ல வழியே இல்லை. கிடைத்த இடத்திலெல்லாம் கடன் வாங்கிக் கப்பல் கட்ட வேண்டும். பால்கன் அண்டை நாடுகளோடு கூட்டணி பேச வேண்டும். உதுமானியப் படைகள் அனத்தோலியாவில் (இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதி) வேறொரு போரில் சிக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். அந்த நேரம் வந்ததும் நீரிணையின் கரையைப் பிடித்து, குறுக்கே கப்பல்களை நிறுத்திவிட்டால், ஆசியப் பக்கம் இருக்கும் பெரும்படை ஐரோப்பியப் பக்கம் வர முடியாமல் கரையிலேயே நின்றுவிடும். முதல்முறை நான் இதைச் செய்தபோது எதிரியின் முப்பதாயிரம் பேர் ஒரு சிறு நீலக் கோட்டுக்கு அப்பால் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தபடி, ஒவ்வொரு நாளாக நகர்த்தி முற்றுகையை முடித்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

அதே ஆண்டில், அதே வரைபடத்தில் போர்ச்சுகலை ஆடுங்கள். எதிரி என்று சொல்ல அருகில் யாரும் இல்லை. அண்டை நாடான காஸ்டிலோடு நட்பாக இருந்துவிட்டால் எல்லையைப் பற்றிக் கவலையில்லை. கடலுக்கு அப்பால் எப்போது, எங்கே, எவ்வளவு பணத்தைச் செலவிடுவது என்பதே முழு ஆட்டம். இந்த இரண்டும் ஒரே விளையாட்டு என்று வெளியாள் ஒருவர் நம்புவது கடினம்.

ஒரே நாட்டை இரண்டாம் முறை ஆடினால் என்ன புதிதாக நடக்கும்?

இதற்கு மிக நல்ல எடுத்துக்காட்டு போலந்து. மேலே சொன்ன தொடக்க நாள், வர்ணா போருக்கு மறுநாள். போலந்துக்கும் ஹங்கேரிக்கும் மன்னராயிருந்த மூன்றாம் விளாடிஸ்லாவ் அந்தப் போரில் மாண்டுபோனார். ஆகவே ஆட்டம் தொடங்கும்போது போலந்துக்கு மன்னர் இல்லை. லித்துவேனியாவின் ஆட்சியாளரை அழைத்து முடிசூட்டுவதா, உள்ளூர்ப் பிரபு ஒருவரைத் தேர்ந்தெடுப்பதா என்று சிறிது காலத்தில் ஒரு கேள்வி வரும். முதலாவதைத் தேர்ந்தால் லித்துவேனியாவின் பரந்த நிலம் போலந்து முடியின் கீழ் வந்துவிடும். இரண்டாவதைத் தேர்ந்தால் அது தனியாக நிற்கும். கணினி நடத்தும் போலந்தும் இதே கேள்வியை எதிர்கொள்கிறது. நீங்கள் அப்போது மாஸ்கோவை ஆடிக்கொண்டிருந்தால், தொலைவில் எடுக்கப்பட்ட அந்த ஒரு முடிவே அடுத்த நூறாண்டுகளுக்கு உங்கள் மேற்கு எல்லையின் நிலையைத் தீர்மானித்துவிடும்.

பிரான்சை ஒட்டியிருந்த பர்கண்டி நாடும் அப்படித்தான். வரலாற்றில் அதன் ஆட்சியாளர் துணிச்சல்காரர் சார்லஸ் 1477இல் நான்சி போரில் ஆண் வாரிசின்றி இறந்ததால் அவருடைய செல்வ வளம் மிக்க நிலங்கள் பிறர் கைக்குப் போயின. விளையாட்டிலும் அதற்கு ஒத்த நிகழ்வு உண்டு. ஆனால் எந்த ஆண்டில் நடக்கும், நிலம் யாருக்குப் போகும், நடக்குமா நடக்காதா என்பதெல்லாம் அந்தந்த ஆட்டத்தைப் பொறுத்தது. அது பிரான்சுக்குப் போன ஆட்டம் ஒரு விதம். ஆஸ்திரியாவுக்குப் போன ஆட்டம் முற்றிலும் வேறு விதம்.

பெரிய நிகழ்வுகளைத் தவிர, ஆட்டத்தின் அன்றாட நடையை மாற்றுவது மன்னரின் திறமை. நிர்வாகம், அரசதந்திரம், படை ஆகிய மூன்றிலும் மன்னருக்கு 0 முதல் 6 வரை ஒரு மதிப்பு உண்டு. மாதந்தோறும் கிடைக்கும் புள்ளிகள் அந்த மதிப்போடு அடிப்படையான 3 சேர்ந்து வருபவை. அப்படியானால் ஆலோசகர்களைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், மிகத் திறமையான மன்னர் மாதம் 9 புள்ளியும், திறமையே அற்றவர் 3 புள்ளியும் தருவார்கள். மூன்று மடங்கு வேறுபாடு. தொழில்நுட்பம், சீர்திருத்தம், வென்ற நிலத்தை உள்வாங்குவது எல்லாம் இந்தப் புள்ளிகளில் நடப்பதால், நல்ல மன்னர் நாற்பதாண்டு வாழ்ந்த ஆட்டத்தையும், அவர் இளமையிலேயே இறந்து மந்தமான வாரிசு வந்த ஆட்டத்தையும் ஒரே திட்டத்தோடு ஆட முடியாது. இந்த முறை நியாயமற்றது என்று குறை சொல்பவர்கள் உண்டு. முடியாட்சிக் காலத்தைப் பற்றிய ஒரு விளையாட்டுக்கு இந்த நியாயமின்மை பொருத்தமானது என்றே நான் நினைக்கிறேன்.

வரலாறு நடந்தபடியே நடக்க வேண்டுமா, எதுவும் நடக்கலாம் என்று விட்டுவிட வேண்டுமா?

இந்த வகை விளையாட்டுகளை உருவாக்குபவர்களும் ஆடுபவர்களும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக விவாதித்துவரும் கேள்வி இது. யூரோப்பா யுனிவர்சாலிஸ் தொடரையே எடுத்துக்கொண்டால் இரு எல்லைகளையும் பார்க்கலாம். இரண்டாம் பதிப்பில் (2001) மன்னர்கள் வரலாற்றில் இருந்த வரிசையிலேயே வந்தார்கள். பெரிய நிகழ்வுகளும் அந்தந்தக் காலத்தில் வந்து நின்றன. அடுத்து வருவதை முன்பே அறிந்து ஆடிய அனுபவம் அது. வரலாற்று மணம் நிறைந்திருந்தது. ஆனால் நான்காவது முறை ஆடும்போது, வரப்போகும் நிகழ்வைத் தேதி சொல்லிக் காத்திருக்கலாம். மூன்றாம் பதிப்பு (2007) எதிர்த்திசையில் போனது. எந்த நாட்டுக்கும் எதுவும் நடக்கலாம் என்ற பொதுவிதிகளை வைத்தது. வியப்புக்குக் குறைவில்லை, ஆனால் நாடுகளின் தனித்தன்மை மங்கிப்போனது. நான்காம் பதிப்பு, தகுந்த சூழல் அமைந்தால் மட்டுமே வரும் வரலாற்று நிகழ்வுகள் என்ற நடுவழியைப் பிடித்தது. காஸ்டிலும் அராகனும் 1469இல் இசபெல்லா, பெர்டினாண்ட் திருமணத்தால் நெருங்கியதை அறிவோம். ஆட்டத்தில் இரு நாடுகளிலும் ஆட்சியாளர்கள் பொருத்தமாக அமைந்தால்தான் ஸ்பெயினை உருவாக்கும் அந்த இணைப்பு வாய்க்கும்.

மீண்டும் ஆடத் தூண்டுவது இந்த நடுவழிதான். வழக்கமாக நடக்கக்கூடியது எது என்று ஆட்டக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் அது நடக்காமல் போகும்போது வியப்பு உண்டாகும். ஸ்பெயின் உருவாகாத உலகம் நம்மைத் திடுக்கிடச் செய்வதற்குக் காரணம், ஸ்பெயின் உருவாகும் என்று நாம் எதிர்பார்த்ததே. எதுவும் நடக்கலாம் என்ற உலகில் எது நடந்தாலும் நமக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் எப்போதும் ஒரே போரைப் பற்றியதுதானே? அதில் மாற்றத்துக்கு இடம் எங்கே?

1936 ஜனவரி 1 அன்று தொடங்கும் ஆட்டத்தில், போர் 1939 செப்டம்பர் 1 அன்று வெடிப்பதாக வைத்துக்கொண்டால், இடையே 1,339 நாட்கள் இருக்கின்றன. நாட்டின் போக்கைத் தீர்மானிக்கும் தேசியக் குறிக்கோள்கள் ஒவ்வொன்றும் பெரும்பாலும் 70 நாட்கள் எடுத்துக்கொள்ளும். கணக்குப் போட்டால் போருக்கு முன் சுமார் 19 குறிக்கோள்களைத்தான் முடிக்க முடியும். பெரிய நாடுகளின் பட்டியலில் அதைவிடப் பல மடங்கு குறிக்கோள்கள் காத்திருக்கும். தொழிற்சாலையை முதலில் எடுத்தால் படை பின்தங்கும். அரசியல் மாற்றத்தை எடுத்தால் இரண்டுமே பின்தங்கும். நேரம் போதாமை என்ற ஒற்றைக் கட்டுப்பாடே இங்கே எல்லா வேறுபாட்டையும் உண்டாக்குகிறது.

ஆட்டம் தொடங்கும் முன், கணினி நடத்தும் நாடுகள் வரலாற்றுப் பாதையில் செல்ல வேண்டுமா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கும் வசதியும் உண்டு. அதை அணைத்துவிட்டால் ஜெர்மனியில் ஆட்சி மாறலாம். எதிர்பாராத நாடுகள் எதிர்பாராத அணியில் சேரலாம். புதியவர்கள் முதல் சில ஆட்டங்களை வரலாற்றுப் பாதையிலேயே ஆடுவது நல்லது. எதிரி எப்போது வருவார் என்று தெரிந்தால்தான் ஆயத்தமாவது எப்படி என்று கற்க முடியும்.

இப்படிக் குறிக்கோள் பட்டியல்கள் தருவது நல்லதா? கையைப் பிடித்து அழைத்துச் செல்வதுபோல் ஆகிவிடாதா?

ஆகிவிடும் ஆபத்து உண்டு. யூரோப்பா யுனிவர்சாலிஸ் நான்காம் பதிப்பில் 2018 முதல் நாடுகளுக்குக் கிளைவிடும் பணிப் பட்டியல்கள் வந்தன. ஒரு பணியை முடித்தால் அடுத்த நிலத்தைக் கேட்டுப் போர் தொடுக்கும் உரிமை, பணம், படைவலு என ஏதேனும் பரிசு கிடைக்கும். இவை வந்த பிறகு பல நாடுகளுக்குத் தனி முகம் கிடைத்தது என்பது உண்மை. அதே நேரம், உரிமை தானாகக் கிடைத்துவிடுவதால், எந்தத் திசையில் விரிவது என்று வரைபடத்தைப் பார்த்து யோசிக்கும் வேலை குறைந்தது. பட்டியல் கிழக்கே போகச் சொன்னால் எல்லோரும் கிழக்கேதான் போகிறார்கள்.

ஒரே நாட்டை இருமுறை பட்டியல்படி ஆடிய பிறகு, மூன்றாம் முறை பட்டியலைத் திறக்காமலேயே ஆடிப் பாருங்கள் என்று சொல்வேன். பரிசுகளை இழப்பீர்கள். ஆனால் எல்லைக்கு அப்பால் யார் பலவீனமாக இருக்கிறார், யார் யாரோடு பகை என்று உலகத்தையே மீண்டும் பார்க்கத் தொடங்குவீர்கள்.

குரூசேடர் கிங்ஸில் ஆட்டங்கள் ஒன்றுபோல இன்னொன்று இருப்பதே இல்லை என்கிறார்களே, ஏன்?

அங்கே நாம் நாட்டை ஆடுவதில்லை, மனிதரை ஆடுகிறோம். மன்னர் இறந்தால் வாரிசாக மாறித் தொடர்கிறோம். அந்த வாரிசுக்குத் தனிக் குணங்கள் உண்டு. அவற்றுக்கு மாறாக நடந்தால் மன அழுத்தம் ஏறும். இந்த ஒரு விதி ஆட்டத்தை எவ்வளவு ஆழமாக மாற்றுகிறது என்பதற்கு என் ஆட்டம் ஒன்றையே சொல்கிறேன்.

1066இல் அயர்லாந்தின் மன்ஸ்டர் சிற்றரசு, புதியவர்கள் கற்றுக்கொள்வதற்காக விளையாட்டே பரிந்துரைக்கும் இடம். இரண்டு தலைமுறையில் அயர்லாந்து முழுவதையும் ஒன்றாக்கி, வேல்ஸின் பெரும்பகுதியையும் பிடித்திருந்தேன். வாரிசுரிமைச் சட்டம் பாகப்பிரிவினையாகவே இருந்தது. மன்னர் இறந்த அன்று, வேல்ஸில் போதுமான நிலம் என் வசம் இருந்த ஒரே காரணத்தால், அங்கே புதிதாக ஓர் அரியணை உருவாகி, இரண்டாம் மகனுக்குப் போய்விட்டது. முப்பது ஆண்டு உழைப்பு ஒரு நொடியில் இரண்டாகப் பிரிந்தது. தம்பியை ஒழித்துவிட்டு நிலத்தை மீட்பதுதான் எளிய வழி. ஆனால் நான் அப்போது ஆடிக்கொண்டிருந்த மூத்த மகன் இரக்க குணம் படைத்தவர். கொலைச் சதியில் இறங்கினால் அவருடைய மன அழுத்தம் அவரையே உடைத்துவிடும் நிலையில் இருந்தது. ஆகவே தம்பி மகளுக்கும் என் மகனுக்கும் திருமணம் பேசி, இரு கிளைகளும் பேரன் காலத்தில் சேரும் என்று காத்திருந்தேன். மறுமுறை அதே இடத்தில் கொடூர குணம் கொண்ட வாரிசு வந்திருந்தால் அது வேறு கதையாகியிருக்கும்.

வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பேரரசர் சார்லமேனின் நிலம் 843இல் வெர்டன் உடன்படிக்கையால் மூன்று பேரன்களுக்குப் பிரிந்தது; 867இல் தொடங்கும் ஆட்டத்தின் வரைபடத்தில் அந்தப் பிளவின் விளைவுகளை நேரடியாகக் காணலாம். பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாகப் படித்த பாகப்பிரிவினை எப்படி ஒரு பேரரசையே சிதறடித்தது என்பது எனக்கு உள்ளபடியே புரிந்தது வேல்ஸை இழந்த அன்றுதான்.

விக்டோரியாவில் படையைக் கையால் நகர்த்தக்கூட முடியாதாமே. அதில் ஆட என்ன இருக்கிறது?

படைத்தலைவரை ஒரு முனைக்கு அனுப்பலாம்; தனித்தனிப் படைப்பிரிவுகளை நகர்த்த முடியாது. போரை விரும்புபவர்களுக்கு இது ஏமாற்றமே. அந்தத் தொடரின் மையம் சமூகமும் பொருளாதாரமும் ஆகும். 1836இல் ஜப்பானை எடுத்தால், நாடு வெளியுலகுக்குக் கதவடைத்து இருக்கும். அரசியல் பலம் நிலப்பிரபுக்களிடம் குவிந்திருக்கும். கதவைத் திறக்கும் சட்டத்தைக் கொண்டுவர அவர்கள் விடமாட்டார்கள். தொழிற்சாலைகளைக் கட்டி, அவற்றின் உரிமையாளர்களும் படித்தவர்களும் செல்வாக்குப் பெறும் வரை பொறுத்து மாற்றலாம். அல்லது உடனே சட்டத்தைக் கொண்டுவந்து உள்நாட்டுப் போரைச் சந்திக்கலாம். வரலாற்றில் 1868இல் ஜப்பானை நவீனப் பாதைக்குத் திருப்பிய மெய்ஜி மாற்றத்தை இருபது ஆண்டு முன்னதாகக் கொண்டுவருவதா, இரத்தமின்றிக் கொண்டுவருவதா என்ற இரண்டும் இருவேறு ஆட்டங்கள்.

பாதி ஆட்டத்துக்குமேல் சலித்துவிடுகிறது. தவறு என்னிடமா, விளையாட்டிடமா?

விளையாட்டிடம்தான். இந்த வகையின் மிகப் பெரிய குறை இது. இதுவரை யாரும் முழுமையாகத் தீர்க்கவில்லை. நிலம் பெருகினால் வருவாய் பெருகும், வருவாய் பெருகினால் படை பெருகும், படை பெருகினால் மீண்டும் நிலம் பெருகும். ஒரு கட்டத்துக்குமேல் தோற்கவே முடியாது. அதன் பிறகு மீதமிருக்கும் இருநூறு ஆண்டுகளும் வரைபடத்துக்கு வண்ணம் பூசும் வேலையாகிவிடும். வரலாற்றில் பேரரசுகள் தங்கள் பெருத்த உடலின் பாரத்தாலேயே தளர்ந்தன. விளையாட்டில் பெருத்த உடல் மேலும் பலம் பெறுகிறது.

குறையைத் தணிக்கும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. வேகமாக நிலம் பிடித்தால் அண்டை நாடுகள் அஞ்சி ஒன்றுகூடி நம்மைத் தாக்கும். குரூசேடர் கிங்ஸின் பாகப்பிரிவினையைச் சொன்னேன். எனக்கு மிகவும் பிடித்தது, யூரோப்பா யுனிவர்சாலிஸ் நான்காம் பதிப்பில் 2017இல் மிங் சீனாவுக்கு வந்த விதி. வானத்தின் ஆணை என்ற ஓர் அளவு உயரும், தாழும். அது சரிந்தால் அந்தப் பெருநாடு கிளர்ச்சிகளில் சிதறும். சில ஆட்டங்களில் மிங் இறுதி வரை மலைபோல் நிற்கிறது. சிலவற்றில், வரலாற்றில் அது வீழ்ந்த 1644க்கு வெகு முன்பே உடைந்து பத்துத் துண்டுகளாகிறது. பலம் பெற்றவருக்கும் பயம் இருக்கும்படி செய்த இந்த விதியை எல்லாப் பெருநாடுகளுக்கும் ஏதோவொரு வடிவில் கொடுத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. 2025 நவம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பு 1337இல் தொடங்குவதால், ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் கறுப்புச் சாவு என்ற கொள்ளைநோய் வந்து மக்கள்தொகையை வாரிக்கொண்டு போகிறது. வளர்ச்சிக்கு இடையே ஒரு பெருவீழ்ச்சியை வைத்தது நல்ல முடிவு.

இந்தக் குறை முழுமையாகத் தீரும் வரை ஆட்டக்காரர் தனக்குத்தானே எல்லை வகுத்துக்கொள்வதே வழி. கடற்கரை நிலங்களை மட்டும் பிடிப்பேன். ஒரே மொழி பேசும் பகுதிகளைத் தாண்ட மாட்டேன். கூட்டாளியைக் கைவிட மாட்டேன். இப்படி ஒன்றை முதல் நாளே எழுதிவைத்துக்கொண்டு ஆடினால், பலம் வந்த பிறகும் யோசிக்க ஏதாவது இருக்கும்.

தவறு நேர்ந்தால் பழைய சேமிப்புக்குத் திரும்பிவிடுவது சரியா?

கற்றுக்கொள்ளும் காலத்தில் தாராளமாகத் திரும்புங்கள். பிறகு அயர்ன்மேன் முறைக்கு மாறுங்கள். அதில் ஒரே சேமிப்புதான் இருக்கும். எடுத்த முடிவைத் திரும்பப் பெற முடியாது. ஒவ்வொரு தோல்வியையும் அழித்துக்கொண்டே போனால், எல்லா ஆட்டமும் நீங்கள் முன்பே திட்டமிட்ட ஒரே வெற்றிக் கதையாகத்தான் முடியும். என்னுடைய ஆட்டங்களில் நினைவில் நிற்பவை பெரும்பாலும் தோற்ற போர்களுக்குப் பின் நடந்தவை.

சாதனைப் பட்டியல்கள் உதவுமா?

நாமாகத் தேர்ந்தெடுக்க மாட்டாத நாடுகளை அறிமுகப்படுத்துகின்றன என்ற அளவில் உதவும். மூன்று மலைகள் என்ற சாதனை, ரியூக்யூ தீவுகளில் தொடங்கி உலகம் முழுவதையும் பிடிக்கச் சொல்கிறது. இன்றைய ஒகினாவா தீவில் 1429 வரை தனித்தனியாக இருந்த மூன்று அரசுகளை அந்தப் பெயர் நினைவூட்டுகிறது. அதை நான் முடித்ததில்லை. முடிக்கும் எண்ணமும் இல்லை. ஆனால் அந்தச் சிறு தீவிலிருந்து முதல் ஐம்பது ஆண்டுகளை ஆடுவது மிக நல்ல அனுபவம்.

பலர் சேர்ந்து ஆடினால்?

முழுக்க வேறு அனுபவம். கணினி வாக்கை மீறுவதும் மனிதர் வாக்கை மீறுவதும் ஒன்றல்ல. ஒரு பயனுள்ள செய்தியும் உண்டு: பாரடாக்ஸ் விளையாட்டுகளில் ஆட்டத்தை நடத்துபவரிடம் உள்ள டிஎல்சிகள் (அடிப்படை விளையாட்டுக்கு மேல் தனியாக விற்கப்படும் கூடுதல் பகுதிகள்) அந்த ஆட்டத்தில் சேரும் எல்லோருக்கும் பொருந்தும்.

எல்லா டிஎல்சிகளையும் வாங்கினால்தான் பன்முகத்தன்மை கிடைக்குமா?

தேவையில்லை. யூரோப்பா யுனிவர்சாலிஸ் நான்காம் பதிப்புக்குப் பத்தாண்டுக்கு மேலாக டிஎல்சிகள் வந்துகொண்டிருந்தன. மொத்தப் பட்டியலைப் பார்த்தே பலர் மிரண்டுபோகிறார்கள். அடிப்படை விளையாட்டில் நான்கைந்து ஆட்டங்களை ஆடிவிட்டு, நீங்கள் மீண்டும் மீண்டும் போகும் பகுதி எது என்று தெரிந்த பிறகு, அந்தப் பகுதிக்கானதை மட்டும் வாங்குங்கள். ஒரு பைசாகூடச் செலவிடாமல் பழக விரும்பினால், குரூசேடர் கிங்ஸ் இரண்டாம் பதிப்பின் அடிப்படை விளையாட்டு 2019 முதல் இலவசமாகக் கிடைக்கிறது.

மோட்கள் எந்த அளவுக்குப் பயன்படும்?

விளையாட்டை மாற்றியமைக்க ஆட்டக்காரர்களே எழுதி இலவசமாகத் தரும் மோட்கள் இல்லாவிட்டால் இந்த விளையாட்டுகளின் ஆயுள் பாதியாகியிருக்கும். முதல் உலகப் போரில் ஜெர்மனி வென்றிருந்தால் 1936இல் உலகம் எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வியிலிருந்து கைசர்ரைக் என்ற ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் மோட் முழு உலகத்தையே உருவாக்கியிருக்கிறது. அன்பென்னார் என்ற மோட், யூரோப்பா யுனிவர்சாலிஸ் நான்காம் பதிப்பின் விதிகளை வைத்துக்கொண்டு கற்பனைக் கண்டங்களை அமைக்கிறது. இந்த இரண்டிலும் தெரியாத வரலாற்றுக்குள் நுழையும் திகைப்பு திரும்பக் கிடைக்கிறது; ஐந்நூறு மணி நேரம் ஆடியவருக்கு மூல விளையாட்டு அதைத் தர முடியாது. ஆனால் மூல விளையாட்டைப் பழகாமல் நேராக மோடுக்குப் போனால், எது மோடின் புதுமை, எது விளையாட்டின் விதி என்று பிரித்தறியவே முடியாமல் குழம்புவீர்கள்.

அடுத்த ஆட்டத்துக்கு நாட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி? இறுதி ஆண்டு வரை ஆட வேண்டுமா?

சென்ற ஆட்டத்தில் உங்களுக்கு எதிரியாக இருந்த நாட்டை எடுங்கள். பைசாந்தியத்தை ஆடியவர் உதுமானியர்களை ஆடும்போதுதான், அந்தப் பெரும்படைக்குப் பின்னால் எத்தனை எல்லைகள், எத்தனை கவலைகள் இருந்தன என்று தெரியும். நான் அப்படி ஆடியபோது, முதல் வேலையாகக் கான்ஸ்டான்டிநோபிளை முற்றுகையிட்டேன். அதே நேரத்தில் கிழக்கே ஒரு போர் மூண்டது. படையைப் பிரித்து அனுப்பினேன். மறுநாள் நீரிணையில் பைசாந்தியக் கப்பல்கள் வந்து நின்றன.

இறுதி ஆண்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நீங்கள் எடுத்துக்கொண்ட சிக்கல் தீர்ந்த இடத்தில் ஆட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள். 1821ஐ நான் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறேன். பைசாந்திய ஆட்டத்தை 1510 வாக்கில், அனத்தோலியாவின் கடைசிக் கோட்டை வீழ்ந்த மாதத்தில் நிறுத்திவிட்டு, அன்று மாலையே உதுமானியர்களைத் தேர்ந்தெடுத்தேன்.